உதைபந்தாட்டப் பல்கலைக்கழகத்தில் இருபத்தேழு உதைகள்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெப்பநிலை ஏழு பாகை. கிழக்குக் காற்று, விட்டு விட்டுத் தூறல், வானத்தில் எட்டில் எட்டுப் பங்கும் முகில். கொழும்பில் வானிலை அவதானிப்பு நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன் நான். இதை எழுதாமல் எதையும் தொடங்க எனக்கு வராது.

அந்த நேரத்தில் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மகனுடைய கார் புறப்பட்டது. உள்ளே மூன்று பேர்: மகன், அவனுடைய பதினேழு வயது மகள், நான். பின்னால் நாற்பத்து நான்கு மீன் ரோல்ஸ். போகும் இடம் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்று. தூரம் ஐந்நூற்றுப் பதினெட்டுக் கிலோமீற்றர்.

அதைப்பற்றி முதலில் கேள்விப்பட்டது ஓகஸ்ட் மாதத்தில். பேத்தி சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "அது ஒரு பெரிய ஃபுட்போல் ஸ்கூல்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விவசாயக் கல்லூரி, ஆசிரியர் கலாசாலை என்பதுபோல உதைபந்தாட்டம் படிப்பிக்கிற இடம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு கிழமை நான் அப்படியே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காலையில் மோல் என்கிற கடைத்தொகுதிக்குள் நடந்துவிட்டுக் கோப்பி குடிக்கிற எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். அதில் மன்னார்க்காரர் ஒருவர் அக்கறையோடு விசாரித்தார்.

"பெட்டைக்கு என்ன பொசிஷன் அண்ணை? முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"பூச்சி எண்டு சொன்னவள்" என்றேன்.

அவள் படிக்க விரும்பியது பூச்சியியல். அந்தப் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்று தனிக் கட்டடமே இருக்கிறதாம். பந்து வேறு, பூச்சி வேறு என்று மகன் ஒரு மாலை முழுக்க இருந்து எனக்கு விளங்கப்படுத்தினான். அங்கே படிக்கிறவர்கள் எல்லோரும் விளையாடுகிறவர்கள் இல்லை, ஆனால் சனிக்கிழமையில் எல்லோரும் பார்க்கப் போவார்கள், அதனால் அங்கே மாணவ வாழ்க்கை மிகவும் நன்றாக இருக்கும் என்று ஒரு கட்சி. இல்லை, அது வெறும் கூச்சல் என்று இன்னொரு கட்சி. எங்கள் வீட்டிலும் அதே இரண்டு கட்சி உண்டாயிற்று. மகன் போகட்டும் என்றான். மருமகள் வேண்டாம் என்றாள்.

மருமகளின் காரணம் ஒன்றே ஒன்று. "தெரிஞ்ச வீடு ஒண்டும் இல்லாத ஊர். பெட்டைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் ஆர் சுடுதண்ணி வச்சுக் குடுக்கிறது? இஞ்சை பஸ்ஸிலை பன்ரண்டு நிமிஷத்திலை ஒரு கம்பஸ் கிடக்கு. அங்கையும் பூச்சி இருக்கும்."

"அங்க பூச்சிக்கு ரெண்டு கோர்ஸ்தான் அம்மா."

"ரெண்டைப் படி. மிச்சத்தைத் தோட்டத்திலை பார்."

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசியில் மருமகள்தான் சொன்னாள்: "மாமா சொல்லட்டும். மாமா நேரை போய்ப் பாத்திட்டு ஓம் எண்டால் ஓம்." அவள் ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்தாறு வருடம். அதற்குள் நான் ஓம் என்று சொன்ன விஷயங்கள் நான்கு. அவற்றில் இரண்டை அடுத்த நாளே திருப்பி வாங்கினேன். என்னை நடுவராக வைப்பதும் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒன்றுதான். பேத்திக்கும் அது தெரியும். அன்று முகம் கறுத்துப்போய் மேலே போனாள். மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பப்பா, நான் ஒண்டும் கேக்கேல்லை. ஜஸ்ற் பி ஃபெயர். அவ்வளவுதான்."

நேர்மையாக இரு என்று என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் என் மனதிலும் இல்லை என்ற பதில்தான் இருந்தது. அவள் போய்விட்டால், நான் எண்ணியதைக் கேட்டு, "அப்ப நேற்று எத்தினை?" என்று திருப்பிக் கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. இந்தக் காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் முதலாம் திகதி. அதற்குள் என் சொல் வேண்டும்.

எல்லையில் பாலம் கடந்ததும் அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்றார். பல்கலைக்கழகம் பார்க்க என்றான் மகன். உணவு ஏதும் இருக்கிறதா என்றார். நான் பின்னாலிருந்து, "நாற்பத்து நான்கு" என்றேன். மகன் தலையைக் குனிந்தான். இறைச்சியா என்று கேட்டார். மீன் என்றேன். எந்த மீன் என்றார். சூரை என்பதற்கு ஆங்கிலம் உடனே வரவில்லை. "ரின் மீன்" என்று பேத்தி ஆங்கிலத்தில் சமாளித்தாள். புதுச் சூரை வாங்கித் தான் செய்த ரோல்ஸைத் தகரத்தில் அடைத்த மீன் என்று சொன்னதை மருமகள் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எங்களைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பாள்.

பகல் பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். தூறல் நின்றிருந்தது. ஒன்பது பாகை. ஆட்டம் மூன்றரைக்கு. காலையே வந்த சனம் பெரிய வெளி ஒன்றில் வாகனங்களை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. ஆடித் திருநாளுக்கு மடு மாதா கோயிலிலே லொறிகளில் வந்து இறங்கிக் காட்டுக்குள் கூடாரம் போட்டுக் கிடக்கிற சனத்தைப் பார்த்தவனுக்கு இது ஒன்றும் புதினம் இல்லை. அங்கே மாதா, இங்கே பந்து. குழந்தைகள், கிழவர்கள், நாய்கள். முகத்தில் பாதிக்கு நீல மை பூசிய ஒருவர் என்னை மறித்து, கையில் ஒரு தட்டைத் தந்தார். அவருக்கு என் வயதிருக்கும்.

வாசலில்தான் சிக்கல். உள்ளே கொண்டுபோகிற பை ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்க வேண்டும், சாப்பாடு கூடாது. என் துணிப்பையில் இருந்தவை: குடை, குறிப்புப் புத்தகம், நேரம் பிடிக்கிற கடிகாரம், பிரஷர் குளிசை, செபமாலை, மாற்றுக் காலுறை ஒரு சோடி. அங்கே விற்ற கண்ணாடிப் பையில் இவை எல்லாவற்றையும் மாற்றினேன். குடைக்கும் அனுமதி இல்லை. காலுறையும் செபமாலையும் ஊருக்கே தெரிய நான் நடந்தேன். பேத்தி பத்து அடி முன்னால் போனாள்.

ரோல்ஸ் மிச்சம். மகன் எறிவோம் என்றான். நான் திரும்பிப் போய்க் கூடாரங்களில் கொடுத்தேன். முப்பத்தொரு பேர் சாப்பிட்டார்கள். பதின்மூன்று பேர் இரண்டாவது கேட்டார்கள். அத்தோடு சரியாக முடிந்தது. பதினான்கு பேர் என் பெயர் கேட்டார்கள். மூன்று பேர் அதைத் திருப்பிச் சொல்லவும் முயன்றார்கள்.

உள்ளே எங்கள் இருக்கை நாற்பத்தோராம் வரிசை. ஒரு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பெருக்கப் பார்த்தேன். சனம் எழும்பி எழும்பி நின்றதால் மூன்று தரம் பிழைத்தது, விட்டுவிட்டேன். ஆட்டத்தை எண்ணுவது சுலபம். உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்துவிட்டு அவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார்கள். காலால் உதைத்ததை ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். மூன்று மணி நாற்பத்தொரு நிமிட ஆட்டத்தில் இருபத்தேழு உதை. பந்து அசைந்த நேரத்தை மட்டும் கடிகாரத்தில் பிடித்தேன். பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி. மீதி நேரம் எல்லாம் அவர்கள் கூடி நின்று கதைத்தார்கள், அல்லது படுத்துக் கிடந்தார்கள்.

"என்னடா இது, வேலைநிறுத்தமோ?"

"பிளான் பண்ணுகினம் அப்பா."

"மூண்டு மணித்தியாலமாவோ?"

முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, என் புத்தகத்தில் உள்ள கோடுகளைப் பார்த்து, நான் அணியின் பழைய பயிற்சியாளரா என்று மகனிடம் கேட்டாள். மகன் ஓம் என்றுவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பகுதிச் சனம் ஒவ்வொரு ஆட்ட முறிவிலும் என் முகத்தைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினால் அவர்களும் ஆட்டினார்கள்.

நான் பிழை விட்டது இடைவேளையில்.

வாசலில் தந்த தாளின் தலைப்பில் 'ஹோம்கமிங்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, வீட்டுக்கு வருவது. எங்களுடைய பேச்சில் வீடு என்றால் விசேஷம். கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, செத்தவீடு. 'வீட்டுக்குப் போனனாங்கள்' என்றால் ஏதோ ஒரு கொண்டாட்டத்துக்கோ சாவுக்கோ போனோம் என்று அர்த்தம். இடைவேளையில் மேளதாளத்தோடு ஒரு திறந்த கார் மைதானத்துக்குள் வந்தது. அதில் தலையில் கிரீடம், தோளில் குறுக்காகப் பட்டு, கையில் பூங்கொத்தோடு ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் கோட் போட்ட ஒரு பெடியன். தாய் தகப்பன் நடந்து வந்தார்கள். படம் பிடிப்பவர்கள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அரங்கு முழுவதும் எழுந்து கைதட்டியது.

ரொறன்ரோவில் நான் பார்த்த சாமத்தியவீடுகள் குறைந்தது அறுபது. அதில் ஒன்றில் பிள்ளை பல்லக்கில் வந்தாள், ஒன்றில் வெள்ளைக் குதிரை வண்டியில் வந்தாள். கிரீடமும் திறந்த காரும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. இந்தப் பிள்ளைக்கு வயது கூட, ஆகவே இது கலியாணம் என்று தீர்த்துக்கொண்டேன். அழைக்காத கலியாணவீட்டுக்கு வந்து, வாசலில் கண்டவர் தந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, மணப்பெண்ணுக்கு ஒன்றும் கொடுக்காமல் குந்தியிருக்கிறேன்.

மகன் கோப்பிக்குப் போயிருந்தான். பேத்தி கழிவறை வரிசையில். சனிக்கிழமைகளில் நான் போடுகிற கோட்டின் உட்பையில் எப்போதும் வெறும் என்வலப் ஒன்று இருக்கும். எந்த மண்டபத்துக்கு எப்போது இழுத்துக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாதே. அவசரத்துக்கென்று மாற்றி வைத்த அமெரிக்கக் காசும் இருந்தது. இருபது டொலர் நோட்டு ஐந்து, ஒரு டொலர் நோட்டு ஒன்று. நூற்றொன்று. கனடாவில் ஒரு டொலருக்கு நோட்டு இல்லை, நாணயத்தை என்வலப்புக்குள் ஒட்டுநாடா போட்டு ஒட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் மேல் எனக்கு முதன்முதல் மதிப்பு வந்தது அப்போதுதான்.

பெண்ணும் பெற்றோரும் எங்கள் பகுதியின் கீழ் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பது படி இறங்கினேன். தகப்பனிடம் போய், இரண்டு கையாலும் என்வலப்பை நீட்டி, "காட் பிளெஸ்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். உயரமான மனிதர், சோளப் பயிர்க்காரர் என்று பிறகு சொன்னார். என்வலப்பைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ரொறன்ரோ" என்றேன். "பெடியன் பகுதியோ, பெட்டை பகுதியோ எண்டு நினைக்க வேண்டாம். பொது."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், கிரீடம் என் மூக்குக்கண்ணாடியில் இடித்தது. பெரிய திரையில் நான் தெரிந்தேன். கண்ணாடிப் பையும் தெரிந்தது.

பேத்தி படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. "அப்பப்பா, வட் டிட் யூ டூ?"

"மாப்பிள்ளை எங்கை? அவனுக்கும் கை குடுக்க வேணும்."

"அது மாப்பிள்ளை இல்லை. அவன் எஞ்ஜினியரிங் படிக்கிறான். அவைக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. இது பழைய மாணவர் திரும்பி வாற நாள், ராணியையும் ராஜாவையும் வோட் போட்டுத் தெரிஞ்செடுத்தவை." பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, தான் இங்கே படிக்க வர யோசிப்பதையும் எங்கள் வீடுகளைப்பற்றியும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, மூன்றையும் சொன்னாள். தகப்பன் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்வலப்பைத் திருப்பி நீட்டினார்.

"பொம்பிளைப் பிள்ளைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது எண்டு சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். அவர் யோசித்தார். காசை மகளிடம் கொடுத்துவிட்டு, வெறும் என்வலப்பின் முதுகில் பேனையால் ஏதோ எழுதி என்னிடம் தந்தார். அவர்கள் வீட்டு விலாசம். பல்கலைக்கழகத்திலிருந்து பதினெட்டு நிமிடம். உங்கள் பேத்தி இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களோடு, சுகமில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று தாய் சொன்னாள். பேத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று விடுதி ஒன்றில் தங்கி மறுநாள் திரும்பினோம்.

நேர்மை என்று வாக்குக் கொடுத்ததால் மற்றப் பக்கத்தையும் எண்ண வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு, பதினொரு பாகை வெயிலில், பன்னிரண்டு நிமிட பஸ்ஸில் ஏறி ஸ்காபரோவில் உள்ள அந்தக் கம்பஸுக்குத் தனியாகப் போனேன். சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். இருந்தவர்கள் அறுபத்தொரு பேர். காதில் எதையாவது செருகியிருந்தவர்கள் நாற்பத்து நான்கு. பக்கத்தில் இருந்தவரோடு கதைத்தவர்கள் ஒன்பது. பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு பேசியது ஒரே ஒருவர், காவலாளி. "ஐயா ஆரையாவது தேடுறியளோ?" என்று தமிழில் கேட்டார்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அப்படிப் படித்தவன்தான். கொழும்பில் நான்கு வருடம், வத்தளையில் மாமா வீட்டிலிருந்து ரயிலில் போய் வந்தேன். பின்னேரம் நாலு பத்து வண்டியை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எங்கள் வகுப்புக் குழுப்படம் நாலரைக்கு எடுத்தார்கள். அதில் நான் இல்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எல்லாவற்றையும் வாசித்தேன். இருபத்தேழு உதை, பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்று வந்தபோது மருமகள் புன்னகையோடு தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். பேத்தி கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

"இருங்கோ. மூண்டு மணி நாப்பத்தொரு நிமிஷத்திலை பன்ரண்டு நாப்பது போக மிச்சம் மூண்டு மணி இருவத்தெட்டு நிமிஷம் இருவது விநாடி" என்றேன். "அவ்வளவு நேரமும் அந்தச் சனத்துக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை. ஆட்டம் சரியான மோசம். ஆனால் பெட்டை போகட்டும்."

தட்டு ஒன்று மேசையில் சத்தமாக வைக்கப்பட்டது.

"மாமா, உங்களுக்கு அங்கை என்ன குடுத்தவை?"

"ஒரு விலாசம்." என்வலப்பை எடுத்து அவள் முன் வைத்தேன். "நீ கேட்ட வீடு. சுடுதண்ணி வைப்பினம்."

அவள் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சோளக்காரர்" என்றாள் கடைசியில். "இந்தச் சனம் ரசம் வைக்குமோ?"

"நீ போனிலை சொல்லிக் குடு" என்றான் மகன்.

"நீர் பேசாமல் இரும். ஓம் எண்டு சொன்ன ஆள் விண்ணப்பக் காசைக் கட்டட்டும்."

கட்டினேன். பேத்தி என் கையிலிருந்த அட்டையின் பதினாறு இலக்கங்களையும் உரத்து வாசித்துத் தட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து திரும்ப வாசித்தாள். இலக்கம் எட்டு என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் போனாள். பூச்சிக் கட்டடத்தில் இருநூறு பெட்டி கரப்பான்களைப் பராமரிக்கிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சோளக்காரர் வீட்டில் சாப்பாடு. காய்ச்சல் ஒருமுறை வந்தது, மருமகள் சொல்லிக்கொடுத்தபடி மிளகு போட்டு ஏதோ காய்ச்சினார்கள், மாறியது. ஆட்டத்துக்கு மட்டும் அவள் ஒரு நாளும் போகவில்லை. சரியான சத்தம், சனிக்கிழமைதான் லைப்ரரி வெறுமையாக இருக்கும் என்கிறாள்.

நாங்கள்தான் பார்க்கிறோம். அந்த ஆட்டங்கள் சாதாரண தொலைக்காட்சியில் வராது. சந்தா கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்குக் கட்டினேன். நான் உதைகளை எண்ணுவேன். மருமகள் பக்கத்தில் இருந்து சனத்தைப் பார்ப்பாள். கமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிவாள்.

"மாமா, அந்த மஞ்சள் தொப்பி?"

"அவள் லைப்ரரியிலை எண்டெல்லோ சொன்னவள்."

"சில வேளை மனம் மாறி வந்திருப்பாள். எத்தினையாம் வரிசை அது? எண்ணுங்கோ."

எண்ணினேன். முப்பத்தாறாம் வரிசை. அது அவள் இல்லை. ஒரு பெடியன்.

என்னுடைய ஐந்தாவது ஓமுக்குச் செலவு இது: என்வலப்பில் போனது கனடியக் காசில் நூற்று முப்பத்தெட்டு டொலர் முப்பத்தேழு சதம். விண்ணப்பம், வங்கி பிடித்ததோடு நூற்று ஐந்து டொலர் முப்பத்திரண்டு சதம். மூன்று மாதச் சந்தா வரியோடு நூற்றொரு டொலர் அறுபத்தேழு சதம். ஆக மொத்தம் முந்நூற்று நாற்பத்தைந்து டொலர் முப்பத்தாறு சதம்.